பக்கம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு நர்ஸ்

அத்தியாயம் 7

காலை பதினொன்று இருபது.

சுகாதாரத் துறை இயக்குநரின் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் அவருடைய கோட்டு. மூன்றாவதில் ஃபைல்கள். ஆகவே துப்பறிய வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

முன்னால் நின்ற அம்மாள் இருபத்தெட்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே வீட்டில் எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்ததால், குடும்பம் ஒன்றுகூடி அவருக்கு ஒரு துப்பறியும் நிறுவனம் தொடங்கிக் கொடுத்தது. பழைய உத்தியோகத்தை மறக்காமல் ஊர் அவரை செக்கர் என்றே அழைத்தது. பின்னால் நின்றவன் அவருடைய மகளைக் கட்டிய மாப்பிள்ளை. சாஃப்ட்வேர் கம்பெனியில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தான். ஒருநாள் கம்பெனி அவனையே ஒரு பிழையாகக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பியது. அன்றிலிருந்து மாமியாருக்கு உதவியாளன். மாப்பிள்ளையை மரியாதை குறையாமல் விரட்டி வேலை வாங்குவது லேசான காரியமில்லை. செக்கருக்கு அது கைவந்த கலை.

கதவோரம் நின்றவர்தான் இந்த வழக்கைக் கொண்டுவந்த நர்ஸ். ஒன்பது மணி நேரப் பஸ் பயணம் செய்து வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள், இடமாறுதலுக்கு விண்ணப்பித்ததற்கான ஒரு ரசீது.

"பட்டியல்ல பேர் இல்லைன்னா இல்லைதான்" என்றார் இயக்குநர். "ரெண்டு மணிக்கு இடமாறுதல் கலந்தாய்வு. பட்டியல்ல இருக்கிறவங்களைக் கூப்பிடுவோம். இல்லாதவங்களைக் கூப்பிட மாட்டோம்."

"ஆனா இவங்க இருக்காங்களே சார்" என்று மாப்பிள்ளை நர்ஸைக் காட்டினான்.

"இங்கே இருக்காங்க. பட்டியல்ல இல்லை."

"ரசீது?"

"ரசீது இருக்கு. பேர் இல்லை. அப்ப ரெண்டுல ஒண்ணு. ரசீது போலி, இல்லைன்னா கம்ப்யூட்டர் பிரிவுல யாரோ பேரைத் தூக்கியிருக்காங்க. என் நிர்வாகத்துல தப்பு நடக்க வழியே இல்லை. மேலே பாருங்க."

மேலே பார்த்தார்கள். அவர் தலைக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சுற்றறிக்கை மாட்டியிருந்தது. "இடமாறுதல் பட்டியல், பணியில் சேர்ந்த நாள் என்ற ஒரே அடிப்படையில் வரிசைப்படுத்தப்படும். வேறு எந்த விவரமும் கருத்தில் கொள்ளப்படாது." கீழே பச்சை மையில் இயக்குநரின் கையெழுத்து, சுற்றறிக்கையை விடப் பெரிதாக.

"நாலு மாசம் முன்னாடி போட்டேன். பாராட்டுக் கடிதம் வந்துச்சு" என்றார் இயக்குநர். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தற்காலிகப் பணிநீக்க உத்தரவு. கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் தயார். பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

"ரெண்டு மணிக்குள்ள இதுல ஒரு பேரை நிரப்பிக் கொண்டாங்க. இல்லைன்னா ரசீது போலின்னு எழுதிக் கோப்பை மூடிடுவேன்."

"முதல்ல தண்டனை, அப்புறம் குற்றவாளி. வேலை சுறுசுறுப்பா நடக்குது சார்" என்றான் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வெளியே நடக்கிறீங்களா?" என்றார் செக்கர். அதற்கு 'வாயை மூடு' என்று பொருள் என்பது மாப்பிள்ளைக்குக் கல்யாணமான முதல் வாரமே தெரியும்.

தாழ்வாரத்தில் நர்ஸ் சொன்னார். கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், சொந்த ஊர் ஆஸ்பத்திரியில். அழைத்துப் போவது ஒன்பது வயது மகள். இவரோ ஒன்பது மணி நேரத் தொலைவில் யார் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் இந்த முறை ஒரே ஒரு காலியிடம். விட்டால் அடுத்த கலந்தாய்வு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

"ரெண்டு வருஷம் அவர் இருப்பாரான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் நர்ஸ். எனக்கு அதெல்லாம் தெரியும். அதனாலதான் தெரியாதுன்னு சொல்றேன்."

செக்கர் அறிவிப்புப் பலகையிலிருந்த பட்டியலின் நகலை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்து பக்கம், பக்கத்துக்கு இருபது பேர், கடைசிப் பக்கத்தில் மட்டும் பதினான்கு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'மொத்தம் 94' என்று அச்சாகியிருந்தது.

மாப்பிள்ளை வரிசை எண்களை விரலால் ஓட்டிப் பார்த்தான். "ஒண்ணுலேர்ந்து தொண்ணூத்தி நாலு வரைக்கும் நடுவுல ஓட்டையே இல்லை அத்தை. அச்சடிச்சப்ப பேரைத் தூக்கியிருந்தா மொத்தத்துக்கு ஒண்ணு குறைஞ்சிருக்கணும். குறையலை. ரசீது போலியா இருக்குமோ?"

"நீங்க சீட்டை எண்ணுறீங்க. நான் ஆளை எண்ணுறேன்."

அவர் கைப்பையிலிருந்து சிவப்புப் பென்சில் வந்தது. ஓய்வு பெற்ற அன்று ரயில்வேக்குத் திருப்பிக் கொடுக்காமல் விட்ட ஒரே பொருள் அது. பெயரைப் பார்க்காமல் பணியாளர் எண்களை மட்டும் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போனார். மூன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றது. இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பிப் போனது. மறுபடி மூன்றாம் பக்கத்துக்கு வந்தது.

"மாப்பிள்ளை, 4417 எங்கெங்கே இருக்குன்னு பாருங்க."

இரண்டாம் பக்கத்தில் முப்பத்தெட்டாவது ஆள் 4417. மூன்றாம் பக்கத்தில் நாற்பத்து நான்காவது ஆளும் 4417.

"தொண்ணூத்தி நாலு சீட்டு, தொண்ணூத்தி மூணு ஆள்" என்றார் செக்கர். "ஒருத்தர் ரெண்டு சீட்டுல உட்கார்ந்திருந்தா, ஒருத்தர் நின்னுக்கிட்டு வர்றார்னு அர்த்தம்."

மாப்பிள்ளைக்கு ரத்தம் சூடேறியது. "மாட்டிக்கிட்டாங்க! தன் பேரை ரெண்டு தடவை போட வச்சு, இவங்க பேரைத் தூக்கியிருக்காங்க. உத்தரவுல நிரப்ப ஒரு பேரு கிடைச்சாச்சு அத்தை. பேனா என்கிட்டயே இருக்கு."

"பேனாவை உள்ளே வைங்க. முதல்ல ஆளைப் பார்ப்போம்."

4417 கலந்தாய்வு மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை நீவிக்கொண்டிருந்தார். குண்டு முகம், கலகலப்பான கண். பட்டியலில் தன் பெயர் இரண்டு முறை இருப்பதைக் கேட்டதும் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

"பதினோரு வருஷமா லீவு கேட்டா, 'நீ எந்த வார்டு, உன்னைப் பார்த்ததே இல்லையே'ன்னு கேட்கிற ஆபீஸ் இது. என்னை ரெண்டு தடவை கூப்பிடப் போறாங்களா?"

"ரெண்டுக்கும் போவீங்களா?" என்றான் மாப்பிள்ளை, போலீஸ்காரக் குரலில்.

"போறேன். முதல் தடவை ஊரைச் சொல்றேன். ரெண்டாவது தடவை நன்றி சொல்றேன்." பிறகு நர்ஸைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ஏய், நீயா? உன் பேர் இல்லைன்னா சொல்றாங்க? நாம ஒரே நாள்லதானே சேர்ந்தோம்!"

"ஒரே நாள்லயா?" என்றார் செக்கர்.

"ஆமாம்மா. முப்பத்தோரு பேருக்கும் ஒரே மேடையில ஆர்டர் கொடுத்தாங்க. வரிசையா நிக்க வச்சு அடையாள அட்டைக்கு ஃபோட்டோ எடுத்தாங்க. ஃபோட்டோ எடுத்த வரிசையிலேயே பணியாளர் எண் போட்டாங்க. எங்க பேட்ச்ல பாதிக்கு மேல இன்னைக்கு இங்கதான் இருக்கோம்."

செக்கர் பட்டியலைப் பிரித்து, பணியில் சேர்ந்த நாளைக் காட்டும் கட்டத்தில் பென்சிலை ஓட்டினார். முப்பத்தொன்றாம் வரிசையிலிருந்து நாற்பத்தெட்டு வரை பதினெட்டு வரிகளிலும் ஒரே தேதி. பதினெட்டில் பத்து இரண்டாம் பக்கத்தில், எட்டு மூன்றாம் பக்கத்தில். பக்கம் திரும்புகிற இடம் சரியாக அந்தக் கூட்டத்துக்கு நடுவில் விழுந்திருந்தது.

"ரெட்டைச் சீட்டம்மா நிரபராதி" என்று அறிவித்தார் செக்கர். "வாங்க மாப்பிள்ளை, பட்டியல் பிறந்த இடத்துக்குப் போவோம்."

கம்ப்யூட்டர் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் ஏ.சி. மட்டும் பொருத்தப்பட்ட ஓர் அறை. உள்ளே பட்டியலை அச்சடிக்கும் ஆபரேட்டர் அக்கா இருந்தார். பக்கத்தில், மென்பொருளை எழுதிய ஒப்பந்தப் புரோகிராமர். காலி உத்தரவைப் பற்றிய செய்தி இவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்ததால் இரண்டு பேர் முகத்திலும் ரத்தமில்லை.

"நான் எதையும் அழிக்கலைங்க. பக்கத்தைத் திறப்பேன், அச்சடிப்பேன், 'அடுத்த பக்கம்'னு அழுத்துவேன். அஞ்சு தடவை. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஆபரேட்டர் அக்கா.

"இப்பவும் அதே மாதிரி செஞ்சு காட்டுங்க."

இரண்டாம் பக்கம் வந்தது. 4417 இருந்தது. 'அடுத்த பக்கம்' அழுத்தினார். அங்கேயும் 4417 சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. நர்ஸின் எண்ணான 4409 இரண்டிலும் இல்லை.

"இப்ப பக்கத்துக்கு இருபதுங்கிறதை நூறுன்னு மாத்துங்க" என்றார் செக்கர்.

ஒரே நீளப் பக்கமாகப் பட்டியல் விரிந்தது. ஆபரேட்டர் அக்கா மவுஸ் சக்கரத்தை உருட்டினார். நாற்பத்தைந்தாவது வரியில், யாருக்கும் எதுவும் நடக்காத மாதிரி, 4409 உட்கார்ந்திருந்தது. 4417 இப்போது ஒரே ஒரு தடவைதான் இருந்தது.

நர்ஸ் திரையில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கேன்" என்றார் மெதுவாக.  மாப்பிள்ளை ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டான்.

"சொல்லுங்க தம்பி" என்று செக்கர் புரோகிராமரின் பக்கம் திரும்பினார். "டேட்டாபேஸ்கிட்ட நீங்க என்ன கேட்டீங்க?"

"நான் நேரா கேட்கலைம்மா. அது பேசுற மொழி வேற, நான் எழுதுற மொழி வேற. நடுவுல ஓ.ஆர்.எம்.னு ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. 'நர்ஸுங்களைத் தேதி வரிசையில, இருபது இருபதா கொடு'ன்னு நான் சொல்வேன். அது போய்க் கேட்டு வாங்கிட்டு வந்து கொடுத்துடும்."

"எனக்குத் தெரிஞ்ச வேலைதான்" என்றான் மாப்பிள்ளை. "என் பொண்டாட்டிக்கும் அவங்க அம்மாவுக்கும் நடுவுல நான் பார்க்கிறது அதுதான். ரெண்டு பக்கமும் சொன்னது ஒண்ணு, போய்ச் சேர்ந்தது ஒண்ணுன்னு ஆகும்."

செக்கர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிற்பாடு வீட்டில் போட்டுக்கொள்வார். "மூணாம் பக்கம் கேட்டா, ஏற்கெனவே அடுக்கி வச்ச கட்டுலேர்ந்து அடுத்த இருபதை எடுக்குமா?"

"இல்லைம்மா. ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து புதுசா அடுக்கும். முன்னாடி இருக்கிற நாற்பதைத் தள்ளிட்டு, அடுத்த இருபதைக் கொடுக்கும்."

"ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அடுக்குமா?"

"தேதி வேற வேறயா இருந்தா ஒரே மாதிரிதான்."

"ஒரே தேதியா இருந்தா?"

புரோகிராமர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அது காலியாக இருந்தது. "அப்ப அதுக்கு எப்படிச் சௌகரியமோ அப்படி" என்றார்.

செக்கர் நாற்காலியில் சாய்ந்தார். "அவ்வளவுதான். ரயில்ல டிக்கெட் இல்லாதவன் நான் வர்றப்ப பெட்டி மாறி மாறி ஓடுவான். அது பழைய கதை. இங்கே பயணி ஓடவே இல்லை. நான் ரெண்டாம் பெட்டியை முடிச்சு மூணாம் பெட்டிக்குள்ள கால் வைக்கிறதுக்குள்ள, முழு ரயிலையும் காலி பண்ணி எல்லாரையும் புதுசா உட்கார வச்சிருக்காங்க. ரெண்டாம் பெட்டியைப் பார்த்தப்ப இந்த அம்மா மூணாம் பெட்டியில. மூணாம் பெட்டியைப் பார்த்தப்ப ரெண்டாம் பெட்டியில. மொத்தம் எண்ணினா சரியா இருக்கும். ஒரு பெட்டியிலயும் கண்ணுல பட மாட்டாங்க."

"அப்ப குற்றவாளி புரோகிராமர்!" மாப்பிள்ளையின் பேனா மறுபடி வெளியே வந்தது. "எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க சார், உங்க பேரை."

புரோகிராமர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார்.  

"நான் முதல்ல எழுதினப்ப எல்லாப் பட்டியலும் பணியாளர் எண்படிதான் வரும். அது ஒருத்தருக்கு ஒண்ணுதான். குழப்பமே வராது. தேதிப்படி வேணும்னாங்க. இந்த ஓ.ஆர்.எம்.ல புதுசா ஒரு வரிசை சொன்னா, பழைய வரிசையை அது மொத்தமா விட்டுடும். ரெண்டும் வேணும்னா ரெண்டையும் சொல்லணும். அது எனக்குத் தெரியும்மா. 'முதல்ல தேதி, தேதி ஒண்ணா இருந்தா பணியாளர் எண்'னுதான் எழுதினேன். அதைத் தூக்கச் சொன்னாங்க."

"யாரு?"

ஃபைலில் அச்சடித்து வைத்த ஒரு கடிதம். புரோகிராமர் கேட்டிருந்தார்: 'ஒரே நாளில் சேர்ந்தவர்களை எப்படி வரிசைப்படுத்துவது?' அதற்கு ஒற்றை வரியில் பதில்: 'சுற்றறிக்கையைப் படிக்கவும்.' கீழே பச்சை மை.

மாப்பிள்ளை பேனாவை மூடினான். "அத்தை, நாம காலையில அந்த ரூமுக்குள்ள போனதும் குற்றவாளியே தன் வாக்குமூலத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிக் காட்டினாரே!"

"மேலே பாருங்கன்னு வேற சொன்னார்" என்றார் செக்கர்.

மணி ஒன்று நாற்பது. இயக்குநர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்ததால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. செக்கர் கேட்காமலே அதில் உட்கார்ந்தார்.

"பேர் கிடைச்சுதா?" என்றார் இயக்குநர்.

"கிடைச்சுது. அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். 4417 உங்க பட்டியல்ல ரெண்டு தடவை இருக்காங்க. ரெண்டு தடவை கூப்பிடுவீங்களா?"

இயக்குநர் பட்டியலைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "கையெழுத்தான பட்டியல். அதுல இருக்கிறபடிதான் கூப்பிடணும்."

"ரெண்டு ஊரையும் எடுத்துக்கிட்டா? வெளியே தொண்ணூத்தி மூணு நர்ஸுங்க உட்கார்ந்திருக்காங்க சார். ஒவ்வொருத்தருக்கும் ஊசி போட்டுப் பழக்கம்."

இயக்குநரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "யார் பண்ணின தப்பு இது? உத்தரவுல எழுதுங்க. இப்பவே அனுப்பிடறேன்."

செக்கர் காலி உத்தரவை மேஜைமேல் விரித்தார். பக்கத்தில் புரோகிராமரின் கடிதத்தை வைத்தார். "எழுதலாம். ஆனா கையெழுத்துப் போட்டவரும் பேர்ல வர்றவரும் ஒரே ஆளா இருந்தா செல்லுமான்னு எனக்குத் தெரியலை. மேலே பாருங்க சார்."

இயக்குநர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அண்ணாந்தார். நான்கு மாதமாக அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். மாட்டிய பிறகு அவர் அதைப் படித்தது இதுதான் முதல் தடவை என்பது உதடுகள் அசைந்த விதத்திலேயே தெரிந்தது. 'வேறு எந்த விவரமும்' என்ற இடத்தில் உதடுகள் நின்றுவிட்டன.

"ஒரே நாள்ல பதினெட்டு பேர் சேர்ந்திருப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சேர்த்ததே உங்க ஆபீஸ்தான் சார், மேடை போட்டு" என்றான் மாப்பிள்ளை.

அதன்பின் அந்த அலுவலகம் பதினோரு நிமிஷத்தில் செய்த வேலையை அது பதினோரு வருஷத்தில் செய்ததில்லை. இயக்குநர் ஒரு புதிய சுற்றறிக்கை எழுதினார். 'முந்தைய சுற்றறிக்கையில் பிழை ஏதும் இல்லை' என்று அது தொடங்கியது. 'எனினும் கூடுதல் தெளிவு கருதி, ஒரே நாளில் சேர்ந்தவர்கள் பணியாளர் எண் வரிசையில் அழைக்கப்படுவர்' என்று முடிந்தது. பெயரில்லாத உத்தரவு நான்காகக் கிழிந்து குப்பைக்கூடைக்குள் போனது. கீழே புரோகிராமர், தான் முன்பு எழுதி அழித்த அதே இரண்டு சொற்களை மறுபடி சேர்த்தார். ஆபரேட்டர் அக்கா ஐந்து பக்கத்தையும் அச்சடித்தார். செக்கர் சிவப்புப் பென்சிலால் தொண்ணூற்று நான்கு டிக் அடித்த பிறகுதான் கட்டு மாடியேறியது.

மண்டபத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கரும்பலகையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. நர்ஸின் ஊர் ஆஸ்பத்திரிக்கு நேராக இருந்த '1' மட்டும் அப்படியே நின்றது. ஒவ்வொருவர் வாயைத் திறக்கும்போதும் நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்தைந்தாவது ஆள் இரண்டு நிமிஷம் யோசித்தார். மாப்பிள்ளை சாமியைக் கும்பிட்டான். முப்பத்தைந்தாவது ஆள் வேறு ஊரைச் சொன்னார்.

முப்பத்தாறாவதாக 4409 அழைக்கப்பட்டது. கரும்பலகையில் அந்த '1' அழிந்தது.

நர்ஸ் தாழ்வாரத்துக்கு வந்து ஃபோன் போட்டார். எடுத்தது மகள். "அம்மா, இப்பத்தான் முடிஞ்சுது. அப்பாவும் நானும் பஸ்ஸுக்கு நிக்கிறோம். அப்பாவுக்குத் தலை சுத்துதாம், நான் பிடிச்சிருக்கேன்" என்று சின்னக் குரல் பெரிய மனுஷித்தனமாகச் சொல்வது வெளியே கேட்டது.

"பிடிச்சுக்கோ கண்ணு" என்றார் நர்ஸ். "இன்னும் பத்து நாள்தான். அப்புறம் நான் பிடிச்சுக்கிறேன்."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ஏ.சி. காற்று கண்ணுக்கு ஆகவில்லை என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னான். தாழ்வாரத்தில் ஏ.சி. இல்லை.

நாற்பதாவதாக 4417 அழைக்கப்பட்டது. ஒரே ஒரு தடவை. சிறிது நேரத்தில் அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, நர்ஸின் கன்னத்தைக் கிள்ளினார். "உன் வீட்டுக்காரரை நல்லா பார்த்துக்கோ" என்றார்.

"உங்களுக்கு எந்த ஊர் சிஸ்டர்?" என்றான் மாப்பிள்ளை.

"நானும் அந்த ஊரைத்தான் நினைச்சுட்டு வந்தேன். எங்கம்மா அங்கே தனியா இருக்கு. பரவாயில்லை, இப்ப ரெண்டு மணி நேரத் தூரத்துல கிடைச்சிருக்கு. வாரா வாரம் போகலாம்." பெட்டியை ஓரமாக நிறுத்தினார். "இன்னைக்கு ஃபோட்டோ வரிசையைப் பத்திக் கேட்டீங்களே, அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த வரிசையில நான் இவளுக்கு முன்னாடிதான் நின்னேன். ஹேர்பின் விழுந்துடுச்சு, எடுக்கக் குனிஞ்சேன். நிமிர்ந்து பார்த்தா இவளோட சேர்த்து எட்டு பேர் முன்னாடி போயிட்டாங்க. அடுத்த சுற்றறிக்கையில அந்த ஹேர்பின்னையும் சேர்த்துக்கச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். காலையில் சிரித்த மாதிரி மண்டபம் திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்.

மாப்பிள்ளை பேனாவைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டான்.  

செக்கர் சிவப்புப் பென்சிலைக் கைப்பையில் போட்டு மூடினார். "மாப்பிள்ளை, அவங்க பெட்டியைக் கொஞ்சம் வாங்கிக்கிறீங்களா? பஸ்ல ஏத்திவிட்டுட்டு அப்புறம் நாம வீட்டுக்குப் போகலாம்."

மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.